உயிர்த்த ஞாயிறன்று ஒரு தம்ளர் தண்ணீர்

போன மாதம் மடத்திலிருந்து ஒரு இளம் சிஸ்டர் என்னைப் பார்க்க வந்தார். கையில் டைப் அடித்த காகிதம் ஒரு கத்தை. நான் முப்பத்து நாலு வருஷம் நர்ஸாக வேலை பார்த்த மிஷன் டிஸ்பென்சரியில் புது வார்டு கட்டியிருக்கிறார்களாம். அதற்குச் சிஸ்டர் அமலியின் பெயரை வைக்கப் போகிறார்களாம். திறப்பு விழாவுக்கு ஒரு சின்னப் புத்தகமும் போடுகிறார்கள். அந்தக் காலத்தில் கூட இருந்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான் என்பதால், இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். 'தாகத்தின் வேதசாட்சி' என்று தலைப்பு. காலராவில் விழுந்த சிஸ்டர் அமலி, நற்கருணை வாங்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று கடைசி மூச்சு மட்டும் மறுத்து, சிரித்த முகத்தோடு ஆண்டவரிடம் போனார் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'நேரில் கண்ட நர்ஸ் தெரேசம்மாள் கூறியது' என்றும் இருந்தது.

கூறியது நான்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கூறியது பொய்.

எனக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. பேசிப் பேசி அலுத்தும் போய்விட்டது. வாயால் சொன்னால் அவரவர் தங்களுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். அதனால், எழுதித் தருகிறேன், கொஞ்ச நாள் பொறுங்கள் என்று அந்தச் சிஸ்டரை அனுப்பிவைத்தேன். எழுதுகிறதா வேண்டாமா என்று இத்தனை நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, நேற்று வந்த ஒருவரால் இன்றைக்கு எழுதுகிறேன். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம் எங்களுடையது, தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். புன்செய் கொஞ்சம், மாடு நாலு. திருச்சியில் இரண்டு வருஷம் நர்ஸ் படிப்பு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்பேன் கழுவினேன், திட்டு வாங்கினேன், பாஸ் பண்ணினேன். மடத்தில் சேர்ந்து சிஸ்டர் ஆக வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. டிஸ்பென்சரியை நடத்திய மதர் கபிரியேல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒனக்கு மூக்குக்கு மேல கோபம் வருது, ஒன்னைய மடத்துக்குள்ள விட்டா மத்தவங்க மோட்சத்துக்குப் போகணும்னா ரொம்பப் பாடுபடணும், நீ வெளியில இருந்தே வேலை பாரு என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் நான் சம்பளத்துக்கு நர்ஸ் ஆனேன்.

மதர் குள்ளமான மனுஷி. சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும், நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கிட்டப் போக வேண்டியிருக்கும். முதல் நாள் என்னைக் கையை அலம்பச் சொன்னார். அலம்பினேன். மறுபடியும் என்றார். இப்படி ஐந்து தடவை. பிறகு என் கையைப் பிடித்து விரல் நுனியை முகர்ந்து பார்த்து, காலையில கருவாடா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆறாவது தடவையும் அலம்பினேன்.

காலராவுக்கு மதர் ஒரு முறை வைத்திருந்தார். புத்தகத்தில் இருந்ததா, அவராகக் கண்டுபிடித்ததா, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நோயாளியின் தலைமாட்டுச் சுவரிலும் அடுப்புக்கரியால் கோடு போட வேண்டும். ஒரு தடவை பேதியானால் இடது பக்கம் ஒரு கோடு. ஒரு தம்ளர் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் உள்ளே போனால் வலது பக்கம் ஒரு கோடு. வாந்தி எடுத்தால் கால் மணி பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். சலைன் பாட்டில் இருந்தால் ஏற்றலாம், இல்லாவிட்டால் இதுதான். வலது பக்கத்துக் கோடு குறைந்தால் யாருக்காவது அன்றைக்கு அர்ச்சனை உண்டு. நோயாளியே வேண்டாம் என்றாலும் விடக் கூடாது. நோயாளிக்கு வாய் இருக்கு, ஒனக்கு மூளை இருக்கு என்பார்.

சிஸ்டர் அமலி மடத்துக்கு வந்தபோது வயது இருபது இருக்கும். தஞ்சாவூர் எல்லைப் பக்கம் ஊர். நல்ல சிவப்பு, நல்ல குரல். மடத்தில் சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது. ஒரு சிஸ்டர் நின்றுகொண்டு புனிதர் சரித்திரம் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். நான் மடத்து ஆள் இல்லை என்பதால் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அமலி வாசிக்கும் வாரத்தில் எனக்குச் சோறு ஆறிப்போகும், அப்படி வாசிப்பார். வேதத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சிகள் கதை என்றால் அவருக்குக் குரலே மாறிவிடும்.

பிரான்சு தேசத்தில் எப்போதோ ஒரு கலகத்தில், ஒரு மடத்துச் சிஸ்டர்கள் எல்லோரையும் வேதத்துக்காகத் தலையை வெட்டினார்களாம். அவர்கள் பாடிக்கொண்டே போய், ஒவ்வொருவராகத் தங்கள் மதர் முன்னால் முட்டி போட்டு, சாக உத்தரவு கேட்டுவிட்டு வெட்டுமேடைப் படி ஏறினார்களாம். கடைசியாகப் போனவர் அந்த மதர். இதை வாசித்து முடிக்கும்போது அமலிக்குக் கண்ணீர் வழிந்தது. அன்றைக்கு மதர் கபிரியேல் வழக்கத்துக்கு மாறாகச் சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறந்தார். கத்தி அவங்களைத் தேடி வந்துச்சு, அவங்க கத்தியைத் தேடிப் போகலை, அதையும் சேத்துப் புரிஞ்சுக்கங்க என்றார். அமலி தலையை ஆட்டினார். புரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். எனக்கே அப்போது புரியவில்லை.

யுத்த காலத்தில் ஒரு வருஷம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலம் நடக்கும்போது, விராலிமலைக்குத் தெற்கே ஒரு ஊரில் காலரா கண்டது. மதர், அமலி, நான் மூன்று பேரும் போனோம். பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் பாயைப் போட்டு நோயாளிகளைக் கிடத்தினோம். கிணற்றில் மருந்து கலப்பது, குழி வெட்டிச் சுண்ணாம்பு போடுவது, துணிகளை அவிப்பது, பிணத்தை அன்றன்றைக்கே அனுப்புவது, இப்படி மூன்று வாரம் ஓடியது. சின்னாத்தா என்ற அந்த ஊர்ப் பெண் முதல் வாரத்தில் புருஷனைக் கொண்டுவந்து சேர்த்தாள். அவன் பிழைக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போகாமல் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள்.

அந்த மூன்று வாரமும் எங்களுக்குப் பூசை கிடையாது, நன்மை என்று நாங்கள் சொல்லும் நற்கருணை வாங்கவும் வழியில்லை. பூசை வைக்கிற பங்குச் சாமியார் இருந்த ஊர் தூரம். உயிர்த்த ஞாயிறன்று மட்டும், தன் ஊர்ப் பூசையை விடியற்காலையில் முடித்துவிட்டு எட்டு மணிக்கு எங்களிடம் வந்து பூசை வைப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அமலிக்குக் கால் தரையில் பாவவில்லை. சனிக்கிழமை சலைன் தீர்ந்துவிட்டது. மதர் புதுக்கோட்டைக்குப் போய் வாங்கி வருவதாக, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய அந்தக் காலத்துப் பஸ்ஸில் ஏறினார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, செவுத்தப் பாத்துக்க என்று மட்டும் சொன்னார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் நன்மை வாங்க வேண்டுமென்றால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. ஒரு மடக்குக் குடித்துவிட்டால் அன்றைக்கு நன்மை இல்லை. குழந்தையிலிருந்தே ஊறிப்போன சட்டம். பல் விளக்கும்போது தண்ணீர் தொண்டைக்குள் போய்விட்டதோ என்று அழுத பெண்களை எனக்குத் தெரியும்.

ஞாயிறு விடிந்து நான் கொட்டகைக்குள் போனபோது அமலி சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கண் உள்ளே போய், கை விரல் எல்லாம் ஊறப்போட்ட மாதிரிச் சுருங்கியிருந்தது. எத்தனை தடவை என்று கேட்டேன். ஆறு என்றார். கரியை எடுத்து அவர் தலைக்கு மேலே இடது பக்கம் ஆறு கோடு போட்டேன். ஒரு தம்ளர் கஞ்சித் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"வேணாங்க்கா. மூணு வாரமாச்சு. எட்டு மணிக்குச் சாமி வந்துருவாங்க. அதுவரைக்கும்தானே," என்றார்.

ஒரு மடக்காவது குடிங்க சிஸ்டர் என்றேன். கையைக் கூப்பினார். நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் எத்தனையோ நோயாளி வாயைப் பிடித்துத் திறந்து கஞ்சி ஊற்றியவள் நான். கடிப்பார்கள், வைவார்கள், விட மாட்டேன். அவரிடம் மட்டும் எனக்குக் கை வரவில்லை. நானும் உபவாசம்தான், நானும் அதே சட்டத்தில் வளர்ந்தவள்தான்.

சாவு ஆபத்தில் இருப்பவர்களுக்கு அந்த உபவாசம் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்ததுதான். தண்ணீர் குடித்துவிட்டும் நன்மை வாங்கலாம். ஆனால் அதைச் சொன்னால், சிஸ்டர் நீங்க சாகப் போறீங்க என்று சொன்னதாகிவிடும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எட்டு மணிக்குத்தான் சாமி வந்துவிடுவாரே, அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

எட்டு மணிக்குச் சாமி வரவில்லை. வழியில் ஒரு ஊரில் யாரோ சாகிற அவஸ்தையில் கிடக்கிறார்கள் என்று வண்டியை மறித்து அவரைக் கூட்டிப்போய்விட்டார்கள். எங்களுக்கு அது தெரியாது. ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. வெயில் ஏறிக் கொட்டகை அடுப்பாகக் காய்ந்தது. இடது பக்கம் கோடு பதிமூன்று. வலது பக்கம் ஒன்றுமில்லை. அமலிக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நான் தேய்த்துவிட்டுக்கொண்டே ஜெபமாலை சொன்னேன். என் படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

சின்னாத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் உள்ளே வந்துவிட்டாள்.

"தண்ணிக்குத் தவிக்கிற வாயிக்குத் தண்ணி குடுக்காதன்னு எந்தச் சாமி தாயி சொல்லுச்சு?"

ஒனக்குத் தெரியாது, நீ போய் அடுப்பைப் பாரு என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அந்தக் கோபத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. அந்தக் கொட்டகையில் புத்தியோடு இருந்தது அவள் ஒருத்திதான்.

பதினோரு மணி வாக்கில், கண்மாய்க் கரை மேல் வண்டி வருகிறது என்று வெளியே யாரோ சொன்னார்கள். நான் எட்டிப் பார்த்தேன், சாமியார் வண்டிதான். திரும்பி வந்தபோது அமலி கண்ணைத் திறந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. என் சேலையைப் பிடித்தார்.

"அக்கா, தண்ணி," என்றார்.

தம்ளர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை. இவ்வளவு நேரம் பொறுத்தவர், இன்னும் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் வீணாகிவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. "இந்தா, சாமி வந்துட்டாங்க சிஸ்டர். அஞ்சே நிமிஷம்," என்றேன்.

ஐந்து நிமிஷம் இல்லை, கால் மணி ஆனது. சாமியார் உள்ளே வரும்போது அமலிக்கு நினைவு இல்லை. அவரும் பாவம், விடியலிலிருந்து ஒன்றும் குடிக்காமல் உதடெல்லாம் வெளுத்து வந்திருந்தார். சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். நன்மை கொடுக்க முடியவில்லை. வாயைத் திறந்து பார்த்தார், நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. எந்த நன்மைக்காகத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தாரோ, அதுவும் கிடைக்காமல் உயிர் போயிற்று.

மதர் ஒரு மணிக்கு ஆறு பாட்டில் சலைனோடு வந்தார். முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். இடது பக்கம் நெடுக எண்ணினார். வலது பக்கம் விரலை வைத்துத் தடவினார், கோடு அழிந்துபோயிருக்குமோ என்று பார்க்கிற மாதிரி. தண்ணி இல்லையா என்று கேட்டார். குரல் கேட்கவே இல்லை, உதடு அசைந்ததை வைத்துப் புரிந்துகொண்டேன். நன்மைக்காக வேண்டாம்னுட்டாங்க மதர் என்றேன். அவர் தண்ணீர் கேட்டதைச் சொல்லவில்லை.

மதர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சாமியார் ஆறுதலாக, வேதசாட்சி மாதிரிப் போயிருக்காங்க மதர் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் போனபிறகு மதர் என்னைப் பார்த்தார்.

"வேதசாட்சின்னா அடுத்தவன் கொல்லணும், தெரேசு. நாமளே கொன்னுட்டு அந்தப் பேரை வைக்கக் கூடாது."

அடுத்த ஞாயிறு சாமியார் மறுபடி பூசைக்கு வந்தார். உதவிக்கு மடத்திலிருந்து இன்னும் இரண்டு சிஸ்டர்கள் வந்திருந்தார்கள். விடியற்காலையில் மதர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து, எங்கள் முன்னால் தான் முதலில் குடித்தார். பிறகு ஆளுக்கொரு தம்ளர். காலராக் கொட்டகையில் வேலை இருக்கிறவரைக்கும் இதுதான் சட்டம், நன்மை கிடையாது என்றார். ஒரு சிஸ்டர் அழுதே விட்டார். சாமியாருக்குத் தெரிந்து, நன்மையைவிடத் தண்ணி பெருசாப் போச்சா மதர் என்று கேட்டார். நன்மை வாங்க ஆள் உயிரோட இருக்கணும்ல சாமி என்றார் மதர். ஏழு ஞாயிறு அப்படிப் போயிற்று. ஊர் வேதக்காரர்கள் நன்மை வாங்க எழுந்து பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதிக்குப் போகும்போது மதர் கடைசியில் முட்டி போட்டபடி தலையைக் குனிந்துகொண்டிருப்பார். அந்தக் காலத்துக் கன்னியருக்கு அது என்ன பாடு என்பது கூட இருந்தவளுக்குத்தான் தெரியும். வேதத்துக்குச் சாட்சி யார் என்று என்னைக் கேட்டால் நான் அந்தக் குனிந்த தலையைத்தான் காட்டுவேன். என்னை யாரும் கேட்கவில்லை, அதுவும் சரிதான்.

அமலியின் அம்மாவுக்குத் தகவல் போய் அவர் வந்து சேர மூன்று நாள் ஆனது. புதைத்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகக் கிடந்தது. கூட இருந்தது நீதான், நீயே சொல்லு, உள்ளதைச் சொல்லு என்று மதர் என்னை முன்னால் தள்ளினார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எம்புள்ள தண்ணி கேட்டாளா தாயி?"

"இல்லைம்மா," என்றேன். "கேக்கவே இல்லை. ஆண்டவர் வரட்டும்னு சிரிச்ச முகமா இருந்தாங்க."

அந்த அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். நல்லதுதான் செய்தோம் என்று நினைத்தேன். அங்கே நின்றவர்கள் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். அது கோவிலில் பிரசங்கமாகி, இப்போது டைப் அடித்துத் திரும்ப என்னிடமே வந்திருக்கிறது. பல வருஷம் கழித்து மதர் மாற்றலாகிப் போகிற அன்றைக்கு, அந்தம்மாகிட்ட நீ சொன்னது உண்மையா தெரேசு என்று கேட்டார். ஆமா மதர் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் வேலை பார்த்த வருஷமெல்லாம் எந்த நோயாளியையும் நான் தாகத்தோடு விட்டதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொன்னால்கூட ஏன், எதுக்கு, எவ்வளவு நேரம் என்று சண்டைக்குப் போவேன். பின்னால் வந்த பிள்ளைகள் எனக்குத் தண்ணிக் கிழவி என்று பேர் வைத்திருந்தார்கள். வைத்தால் வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று வந்தவர் அமலியின் தம்பி. ஆரோக்கியம் என்று பெயர். அக்கா சாகும்போது அவருக்கு ஏழெட்டு வயது, இப்போது தலை நரைத்துவிட்டது. வார்டு திறப்பு விஷயமாக மடத்துக்கு வந்தவர், என் கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று வந்திருந்தார். தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அன்றைக்கு ஊர் திரும்பியதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அந்த அம்மா தண்ணீர் குடிப்பதில்லையாம். தவசு காலத்தில் பொழுது இறங்கும்வரை குடிக்க மாட்டாராம், பங்குனி வெயிலில் களை பிடுங்கும்போதும்கூட. கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது, தண்ணீர் ஊற்றப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டாராம். எம்மக கேக்காத தண்ணிய நான் கேக்குறதா என்று சொல்லியே மூன்று நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாராம். இதைப் பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உண்மையிலேயே எங்கக்கா தண்ணி கேக்கலையாக்கா என்று என்னைக் கேட்டார்.

"கேட்டாங்க தம்பி," என்றேன். "நான்தான் குடுக்கலை."

முழுவதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து செருப்பைப் போடும்போதுதான் சொன்னார்.

"எங்கம்மாகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா. ஒங்களை நல்லா வைஞ்சுப்புட்டு, தண்ணி குடிச்சிருப்பாங்க."

சிஸ்டர், நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் காகிதத்தில் இல்லை, இதில்.